நீரறிந்து இடும் இரை

தூண்டில் மிக எளிய கருவியாகும். ஒரு கழியும், ஒரு நரம்பும், வளைந்த ஒரு முள்ளும், அம்முள்ளில் ஓர் இரையும் இருந்தால் தூண்டில் ஆயிற்று. சிறுவனும் அதனைச் செய்துகொள்வான். ஆனால், அத்தூண்டிலை நாடி மீன் வரச் செய்வது கருவியால் ஆகும் காரியம் அன்று. அறிவால் ஆகும் காரியம். எந்த நீரில், எந்தப் பொழுதில், எந்த மீனுக்கு, எந்த இரையை, எவ்வாறு இடுவது என்னும் ஐந்து வினாக்களுக்கும் விடை அறிந்தவனே மீன் பிடிக்கிறான். அறியாதவன் நரம்பை நனைத்துக்கொண்டு வீடு திரும்புகிறான். வெயில் காயும் செட்டிநாட்டுக் கண்மாய்க் கரையிலும், பனி பெய்யும் நீலமலை ஓடைக் கரையிலும் தூண்டில் ஏந்தி நின்றவன் நான். அவ்விரு நீர்நிலைகளும் எனக்குக் கற்பித்தவற்றையே இங்கே கூற விரும்புகிறேன்.

சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடியைச் சார்ந்த செட்டிநாட்டு ஊர்களுள் ஒன்று நாச்சியாபுரம். அதுவே நான் பிறந்து வளர்ந்த ஊர். நீண்ட வீதிகளும், நடுவே முற்றம் கொண்ட பெருவீடுகளும் செட்டிநாட்டின் செல்வத்தைப் பறைசாற்றும். எனினும், ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அந்நாட்டுக்கு வாய்க்கவில்லை. மழைநீரைத் தேக்கி வைத்தே மக்கள் வாழ்ந்தனர். ஊருணி நீர் குடிப்பதற்கு. கண்மாய் நீர் வயலுக்கு. ஐப்பசி, கார்த்திகையில் கடல்போல் பரந்து கிடக்கும் கண்மாய், சித்திரையில் வெடித்த சேறாகிவிடும். இடைப்பட்ட திங்கள்களே எங்களுக்கு மீன் காலம்.

மழை குறைந்த ஆண்டுகளில் விளைச்சல் குறையும். விளைச்சல் குறைந்தால் கூலி குறையும். அத்தகைய நாள்களில் சிறுவர் கொண்டுவரும் நான்கு கெளுத்தியும் இரண்டு கெண்டையும் விளையாட்டுப் பொருள்கள் அல்ல. அன்றிரவுக் குழம்பே அவைதாம். கண்மாய்க் கரையில் நாங்கள் காத்திருக்கும்போது, வீட்டில் அம்மியும் புளியும் எங்களுக்காகக் காத்திருக்கும். ஆகவே, மீனின் குணத்தைக் கற்பது எங்களுக்குப் பொழுதுபோக்காக இருக்கவில்லை. அது பசியோடு தொடர்புடைய கல்வியாக இருந்தது.

அக்கல்விக்கு ஆசிரியர் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர். அவர் எங்களிடம் முதலில் தூண்டிலைத் தரவில்லை. “தம்பி, ஒரு நாழிகை சும்மா உட்கார்ந்து தண்ணீரைப் பார். பார்த்தது என்ன என்று எனக்குச் சொல். பிறகு கழியைத் தொடலாம்” என்பார். நாங்கள் பார்ப்போம். ஓரிடத்தில் சிறு குமிழிகள் வரிசையாக எழும். ஓரிடத்தில் தாமரை இலை காற்றில்லாமலே அசையும். ஓரிடத்தில் சிறு மீன்கள் கூட்டமாகத் துள்ளிச் சிதறும். “குமிழி எழும் இடத்தில் சேற்றைக் கிண்டும் மீன் இருக்கிறது. இலை அசையும் இடத்தில் அதன் அடியில் ஏதோ உராய்கிறது. குஞ்சுகள் சிதறும் இடத்தில் அவற்றைத் துரத்தும் மீன் வந்திருக்கிறது” என்று அவர் பொருள் கூறுவார். நீரின் மேற்பரப்பு எழுதப்பட்ட ஏடு என்பதை நான் அப்போது அறிந்தேன்.

அடுத்து, மீனுக்கு மீன் இரை வேறுபடுவதை அவர் கற்பித்தார். கெளுத்திக்குக் கண்ணைவிட மீசையே சிறந்த கருவி. கலங்கிய நீரின் அடித்தரையில், மீசையால் தடவியே அது உணவைக் கண்டுகொள்ளும். ஆகவே அதற்கு மண்புழுவைக் கோத்து, ஈயக்குண்டு கட்டி, தரையில் கிடக்கும்படி விடவேண்டும். பொழுது சாய்ந்த நேரம் அதற்கு ஏற்றது. கெண்டைக்கு வாய் சிறியது; அது இரையை விழுங்காமல் கொறிக்கும். அதற்கு மாவைப் பிசைந்து, மிளகளவு உருட்டி, மிகச் சிறிய முள்ளில் மூடி வைக்கவேண்டும். அதன் மெல்லிய கொறிப்பைக் காட்ட மயிலிறகின் காம்பே தகுந்த தக்கை. எங்கள் பக்கத்துக் குன்றக்குடி, மயில்மலை என்றே பெயர் பெற்றது. மயில்கள் தாமே உதிர்த்த இறகுகளைப் பொறுக்கி வந்து, காம்பை நறுக்கித் தக்கை செய்துகொள்வோம்.

விராலின் முறை வேறு. அது வேட்டையாடும் மீன். தாமரையும் கோரையும் அடர்ந்த இடத்தில் மறைந்திருந்து, மேலே நீந்தும் தவளையைப் பாய்ந்து கவ்வும். ஆகவே விராலுக்கு இரை கிடக்கக் கூடாது. நீரின் மேல் தத்தித் தத்திச் செல்லவேண்டும். கவ்வியவுடன் இழுத்தால் இரை மட்டுமே கையோடு வரும். அது நன்றாக வாய்க்குள் வாங்கிக்கொள்ளும்வரை மூச்சடக்கிக் காத்திருந்து, பிறகே கழியைத் தூக்கவேண்டும். இன்று அத்தவளைக்குப் பதிலாக ரப்பர்த் தவளைகள் கடைகளில் கிடைக்கின்றன. பொருள் மாறினாலும் அதனைத் தத்தச் செய்யும் கை மாறவில்லை.

விராலைப் பற்றிப் பெரியவர் ஒரு விதியும் வைத்திருந்தார். விரால் தன் குஞ்சுகளைக் காத்து நிற்கும் மீன். செந்நிறப் பொடி தூவினாற்போல் நீரின் மேல் குஞ்சுக் கூட்டம் திரியும்போது, தாயோ தந்தையோ அடியில் காவலிருக்கும். அந்நேரத்தில் அருகே எதனை இட்டாலும் சினந்து பாயும். பிடிப்பது மிக எளிது. ஆனால், “அதைப் பிடித்தால் ஒரு மீன் கிடைக்கும்; அடுத்த ஆண்டின் நூறு மீன் போகும்” என்று அவர் தடுத்துவிடுவார். பசியுள்ள ஊரில் ஒருவர் இவ்வாறு கூறுவதும், மற்றவர் அதற்குக் கட்டுப்படுவதும் சிறிய செயல்கள் அல்ல.

கோடையில் நீர் முழங்காலளவு ஆனதும் தூண்டிலின் காலம் முடிந்துவிடும். அப்போது எங்கள் பகுதியில் மீன்பிடித் திருவிழா நடைபெறும். ஊர்ப் பெரியவர்கள் கரையில் நின்று வெள்ளைத் துணியை வீசியதும், சுற்றுப்புற ஊர் மக்கள் ஒருங்கே இறங்குவர். ஊத்தா, கச்சா, அரிவலை எனப் பலவகைக் கருவிகள் வெளிப்படும். ஆழமுள்ள நீருக்குத் தூண்டில். ஆழமற்ற சேற்றுநீருக்கு, மேலிருந்து கவிழ்த்துக் கைவிட்டு எடுக்கும் ஊத்தா. நீர் மாறும்போது கருவியும் மாறவேண்டும் என்பதை ஊரே அறிந்திருந்தது.

1970-களில் பணி நிமித்தமாக உதகையில் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அங்கேதான் டிரௌட் என்னும் மீனை முதன்முதலாகக் கண்டேன். நீலமலையில் நாம் இன்று காண்பது வானவில் டிரௌட். வட அமெரிக்காவின் பசிபிக் கடலோர ஆறுகளே அதன் தாயகம். உடலின் பக்கத்தில் செந்நிறப் பட்டை ஓடும். மேலெல்லாம் கரும்புள்ளிகள் சிதறிக் கிடக்கும். மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே 1860-களிலேயே டிரௌட் மீனை நீலமலைக்குக் கொண்டுவர முயன்றார், முயற்சி பலிக்கவில்லை. பின்னர் வில்சன் என்பவரின் உழைப்பால், 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் அமைந்தது. வானவில் டிரௌட் மலை ஓடைகளில் நிலைபெற்றது. காஷ்மீரத்து ஆறுகளிலும், இலங்கையின் நுவரெலியா மலைகளிலும் இவ்வாறே டிரௌட் குடியேற்றப்பட்டது.

எங்கள் கண்மாயில் இம்மீன் ஒரு நாளும் வாழாது. அதற்குக் காரணம் நீரில் கரைந்திருக்கும் உயிர்க்காற்று. பத்துப் பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 11 மில்லிகிராம் உயிர்க்காற்று கரைந்திருக்க இயலும். முப்பது பாகை வெப்பமுள்ள நீரில் ஏழரை மில்லிகிராம் அளவே கரையும். டிரௌட் குளிர்நீரின் நிறைந்த காற்றுக்குப் பழகியது. விராலோ, மேலே வந்து வெளிக்காற்றையே உண்டு உயிர்வாழும் ஆற்றல் பெற்றது. அதனால்தான் வெந்நீர்போன்ற சேற்றிலும் அது பிழைக்கிறது. இவ்வாறு இரண்டு மீன்களும் இரண்டு உலகங்களைச் சேர்ந்தவை. அவற்றைப் பிடிக்கும் முறையும் இரண்டாக இருப்பதில் வியப்பில்லை.

அந்நாளில் மீன்துறையின் உரிமச் சீட்டுப் பெற்று ஓடையில் தூண்டில் இடலாம். நான் முதல் நாள் கழி எடுத்துச் செல்லவில்லை. ஊர்ப் பெரியவர் கற்பித்தபடியே ஒரு பாறையின்மேல் அமர்ந்து நீரைப் பார்த்தேன். கண்மாயில் நீர் நிற்கும், மீன் அலையும். ஓடையிலோ நீர் ஓடுகிறது, மீன் நிற்கிறது. நீரோட்டத்தை எதிர்நோக்கி, ஒரு கல்லின் மறைவில், வாலை மட்டும் மெல்ல அசைத்துக்கொண்டு டிரௌட் நிற்கும். ஓடும் நீர் அதன் வாய்க்கருகே உணவைச் சுமந்துவரும். வந்ததை ஒரு சிறு அசைவில் கவ்விக்கொண்டு, மீண்டும் பழைய இடத்திற்கே வந்துவிடும். இரையைத் தேடி உடல்வலிமையைச் செலவிடாமல், ஓடும் நீரையே தனக்குப் பணியாளாக்கிக் கொண்ட மீன் அது.

அது எதனை உண்கிறது? நீரில் மூழ்கிக் கிடந்த ஒரு கல்லைப் புரட்டினேன். அடிப்புறத்தில் தட்டையான சிறு புழுக்கள் விரைந்து ஒளிந்தன. மணலையும் துரும்பையும் ஒட்டிக் குழல்போல் வீடு கட்டிக்கொண்ட வேறு புழுக்களும் இருந்தன. இவை வளர்ந்து, சிறகு முளைத்து, நீரைவிட்டு எழுந்து பறப்பவை. எழும் நேரமே இவற்றிற்கு இறுதி நேரமாகவும் முடிவதுண்டு. கீழே டிரௌட் காத்திருக்கும். கல்லை இருந்தபடியே வைத்துவிட்டு, நான் எந்த இரையை இடவேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டேன்.

இத்தகைய மெல்லிய பூச்சிகளை முள்ளில் கோக்க இயலாது; தொட்டாலே சிதைந்துபோகும். எனவே மனிதன் போலி ஈக்களைச் செய்யக் கற்றான். சிறு முள்ளின்மேல் பட்டுநூலைச் சுற்றி, சேவலின் கழுத்திறகைக் கட்டினால், ஈயின் காலும் சிறகும் தோன்றிவிடும். இக்கலை மிகப் பழமையானது. செந்நிறக் கம்பளி நூலையும் சேவலின் இறகையும் முள்ளில் கட்டி மாசிடோனிய மக்கள் ஆற்றில் மீன் பிடித்ததை, ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஏலியன் என்னும் அறிஞர் எழுதி வைத்துள்ளார். இங்கிலாந்தில் ஐசக் வால்டன் 1653-இல் வெளியிட்ட தூண்டில் நூல் இன்றும் படிக்கப்படுகிறது. போலி ஈயின் உடலைச் செய்ய மேலைநாட்டார் விரும்பிப் பயன்படுத்தும் பொருள்களுள் ஒன்று மயில்தோகையின் இழை என்று அறிந்தபோது எனக்குப் பெருமகிழ்ச்சி உண்டாயிற்று. மயிலிறகின் காம்பு எங்கள் ஊரில் தக்கையாயிற்று. அதன் இழை இங்கே இரையாயிற்று.

போலி ஈயை எறிவதும் புதிய பாடமே. கண்மாய்த் தூண்டிலில் ஈயக்குண்டு கனமானது, நரம்பு மெல்லியது. குண்டு பறந்து செல்ல, நரம்பு அதன் பின்னே போகும். போலி ஈக்கோ கனமே இல்லை. அதனை எறிந்தால் காலடியிலேயே விழும். எனவே இங்கு நரம்பையே கனமாகச் செய்கிறார்கள். வளையும் கழியின் விசையால் அந்நரம்பு காற்றில் பின்னும் முன்னுமாக வளைந்து விரிய, அதன் நுனியில் கட்டிய மெல்லிய இழை ஈயைப் பஞ்சுபோல் நீரில் இறக்கும். முன்னைய முறையில் இரை நரம்பை இழுத்துச் செல்கிறது. பின்னைய முறையில் நரம்பு இரையைச் சுமந்து செல்கிறது.

எறிந்தால் மட்டும் போதாது. நீரோட்டம் எல்லா இடத்திலும் ஒரே விரைவில் ஓடுவதில்லை. இடையிலுள்ள விரைந்த நீர் நரம்பைப் பற்றி இழுத்தால், ஈ இயல்புக்கு மாறாக ஓடையின் குறுக்கே கோடு கிழித்துக்கொண்டு போகும். உயிருள்ள பூச்சி அவ்வாறு போகாது என்பதை டிரௌட் அறியும், திரும்பியும் பாராது. அதனால், நரம்பு விழுந்தவுடன் அதன் நடுப்பகுதியை மெல்லத் தூக்கி, நீரோட்டத்திற்கு எதிர்ப்புறமாக வளைத்து வைக்கவேண்டும். அவ்வளைவு நிமிரும்வரை ஈ தன்போக்கில் மிதந்து செல்லும். கண்மாய் விராலுக்கு அசையும் இரை வேண்டும். ஓடை டிரௌட்டுக்கோ நீர் அசைப்பதற்கு மேல் அசையாத இரை வேண்டும். அங்கே கவ்விய பின் காத்திருக்கவேண்டும். இங்கே கவ்வியவுடனே கழியை உயர்த்தவேண்டும். இறகையும் நூலையும் வாயில் உணர்ந்தால் டிரௌட் கணநேரத்தில் உமிழ்ந்துவிடும்.

பொழுதுக்கும் நீருக்கும் ஏற்ப ஈயையும் மாற்றவேண்டும். மீன் மேலே வந்து வாங்கிய இடத்தில் குமிழி நின்றால், அது நீரின் மேற்பரப்பிலிருந்து இரை கொண்டது; அதற்கு மிதக்கும் ஈ வேண்டும். குமிழியின்றி நீர் மட்டும் புடைத்து அடங்கினால், மேற்பரப்பின் கீழே எழுந்துவரும் புழுவை உண்கிறது. அதற்கு மூழ்கும் ஈ வேண்டும். எந்த அசைவும் காணாவிட்டால், இரை தரையோரம் உருண்டு செல்லவேண்டும். நண்பகலில் தெளிந்த நீருக்கு மெல்லிய இழையும் சிறிய ஈயும் பொருந்தும். மழை பெய்து ஓடை செந்நிறமாகக் கலங்கினால், சிறிய ஈ மீனின் கண்ணுக்குத் தெரியாது. அப்போது பெரிய கரிய ஈயோ, சுழன்று மின்னி நீரை அதிரச் செய்யும் கரண்டித் தகடோ வேண்டும். வெள்ளத்தின் நடுவே அன்றி, அமைதியான ஓரங்களில் இடவேண்டும். மலைமழையை எளிதாக எண்ணலாகாது. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் சிவகங்கைச் சீமையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையோடு ஒப்பிடத்தக்க அளவு அது! அத்தகைய நாளில் கரையை அணுகாமல் இருப்பதே தூண்டிற்காரனின் முதல் அறிவு.

எல்லாவற்றினும் முதன்மையானது, மீனுக்குத் தெரியாமல் நிற்பது. நீருக்குள் இருந்து மேலே நோக்கும் மீனுக்கு, ஒளி வளைவதால், வெளியுலகம் முழுவதும் தலைக்குமேல் ஒரு வட்டச் சாளரத்தில் சுருங்கித் தெரியும். அச்சாளரத்தின் அகலம் ஏறத்தாழ 97 பாகை. கரையில் நிமிர்ந்து நிற்பவன் அச்சாளரத்தின் விளிம்பில் தோன்றிவிடுவான். தாழக் குனிந்தவன் தெரியமாட்டான். டிரௌட் மேல்நோக்கி நிற்பதால், அதன் பின்புறமாகக் கீழிருந்து மேலேறி வருதல் நலம். கதிரவன் நம் முதுகுப்புறம் இருந்தால் நிழல் நீரில் விழும், அதனையும் தவிர்க்கவேண்டும்.

நிழலுக்கு மீன் அஞ்சுவது தமிழர்க்குப் புதிய செய்தி அன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் இதற்கு அழகிய சான்று உண்டு. பாணன் நீண்ட மூங்கிற் கழியில் கயிறு பூட்டித் தூண்டில் இடுகிறான். இரையைப் பறித்துக்கொண்டு முள்ளை வெறிதாக்கித் தப்பிய வாளைமீன் ஒன்று, பின்னர்க் கரையோரப் பிரம்பின் நிழல் நீரில் நடுங்குவதைக் கண்டும் தூண்டிலோ என்று அஞ்சுகிறதாம். சாளரத்தின் பாகைக் கணக்கை அப்புலவர் எழுதவில்லை. ஆனால் நீரின் ஓரம் நெடுநேரம் அமர்ந்து பார்த்திருக்கிறார். பார்த்தவரே அதனை எழுத இயலும்.

இவ்வளவும் கற்ற பின் ஒரு வினா எழுகிறது. பிடிக்கத் தெரிந்தவன் எவ்வளவு பிடிக்கலாம்? வானவில் டிரௌட் அழகிய மீன், சுவையான மீன், ஆயினும் அது வந்தேறிய மீன். உலகில் மிகுந்த தீங்கு விளைவிக்கும் வந்தேறி உயிர்கள் நூற்றினைத் தொகுத்த பன்னாட்டுப் பட்டியல் ஒன்றில் அதன் பெயரும் உண்டு. 1952-இல் நம் நாட்டிற்குள் வந்து, இன்று எங்கள் கண்மாய்களில் மலிந்திருக்கும் சிலேபிக் கெண்டையின் பெயரும் அதே பட்டியலில் உள்ளது. புதிய மீன் வந்தால் பழைய மீனின் இரையும் இடமும் குறையக்கூடும். ஆகவே ஓடையின் அழகு ஒரு மீனின் அழகு மட்டும் அன்று. நீலமலையின் உயர்ந்த ஓடைகள் பலவும் இன்று காப்புக் காடுகளுக்குள் உள்ளன. அங்கு இசைவின்றி நுழைவதும் தூண்டில் இடுவதும் கூடா. அவ்வரம்பு அக்காட்டின் நலத்திற்காகவே ஏற்பட்டது.

எங்கள் நாட்டுக் கண்மாய்களுக்கு வந்துள்ள துன்பம் வேறு. பல கண்மாய்களில் வண்டல் படிந்து ஆழம் குறைந்துவிட்டது. சீமைக்கருவேலம் புகுந்து நீர்வரும் வழியை அடைத்து நிற்கிறது. நீர் தங்காத கண்மாயில் மீன் தங்காது. மீன் தங்காத ஊரில் அதன் குணம் அறிந்தவரும் நாளடைவில் இல்லாமற் போவர். கெளுத்தியின் மீசையையும், விராலின் குஞ்சுக் காவலையும் கரையில் அமர்ந்து கற்ற கல்வி எந்த ஏட்டிலும் முழுமையாக எழுதப்படவில்லை. கண்மாயைத் தூர்வாரிக் காக்கும்போது, நாம் நீரை மட்டும் காக்கவில்லை, அக்கல்வியையும் காக்கிறோம்.

மாணவர்களே, தூண்டிற்காரன் தனக்குப் பிடித்த இரையை முள்ளில் கோப்பதில்லை. மீனுக்குப் பிடித்த இரையையே கோக்கிறான். ஓரிடத்தில் பயன்பட்ட முறையை மற்றோரிடத்தில் அப்படியே நம்பி இருப்பதுமில்லை. அவ்விடத்தைப் பார்த்து, அதற்கேற்பத் தன் கையை மாற்றிக்கொள்கிறான். ஆனால் பார்க்கும் பழக்கத்தை மட்டும் அவன் எங்கும் மாற்றுவதில்லை. உங்கள் ஊரிலும் ஒரு குளமோ, கண்மாயோ, வாய்க்காலோ இருக்கும். ஒரு நாள் மாலை, கையில் கழியின்றி, அதன் கரையில் ஒரு நாழிகை அமர்ந்து பாருங்கள். குமிழி எங்கே எழுகிறது, இலை எங்கே அசைகிறது, குஞ்சுகள் எங்கே சிதறுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். இரை எதுவென்பதை நீரே உங்களுக்குச் சொல்லும்.